உடும்பு அளந்த வீடுகள்

காட்டோரக் கண்மாயில் ஒரு கருவேல மரம் தண்ணீர்ப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதன் கிளைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கின. மரத்தடியில் ஆள் உயரத்துக்கு ஒரு கறையான் புற்று. கரையோரச் சேற்றில் நண்டு வளைகள். ஒரே இடத்தில் மூன்று விதமான வீடுகள் இருந்தும் யாரும் யார் வீட்டையும் குறை சொன்னதில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். குறை சொல்ல நேரமில்லை, அவ்வளவுதான். ஐப்பசி மழைக்கு முன்னால் கட்டி முடிக்காவிட்டால் எவன் வீடும் வீடில்லை.

அந்த மரத்தில் முறுக்கன் என்று ஒரு குருவி இருந்தான். நார் முறுக்குவதில் கெட்டிக்காரன் என்பதால் வந்த பெயர் என்று அவன் சொல்வான். எதற்கெடுத்தாலும் முறுக்கிக்கொண்டு நிற்பதால் வந்த பெயர் என்று மற்றவர்கள் சொல்வார்கள். இரண்டு பக்கம் சொல்வதிலும் பொய்யில்லை.

குஞ்சாக இருந்தபோதே புயலில் கூடு அறுந்து, இந்தக் கரையில் வந்து விழுந்தவன் அவன். பின்னக் கற்றுத்தர அப்பனும் இல்லை, சித்தப்பனும் இல்லை. கைவிட்ட பழைய கூடுகளை அவிழ்த்து அவிழ்த்துப் பார்த்தான். எந்த நார் எதற்கு மேலே போகிறது, எந்த முடிச்சு எங்கே இறுகுகிறது என்று தானாகவே கண்டுபிடித்தான். நாணல் ஓலை நாக்கை அறுத்தது. கருவேல முள் இறக்கையைக் கிழித்தது. போன வருஷம் அவன் கட்டிய கூடு காற்றில் கழன்று தண்ணீரில் விழுந்தபோது மரமே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் அவன் காதைவிட்டுப் போகவில்லை.

தூக்கணாங்குருவிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஆண் குருவி வீட்டைப் பாதிதான் கட்டும். கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு கூரை. அதன் குறுக்கே, உட்காருவதற்கு ஒரு பின்னல் பட்டை. அத்தோடு நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். பிறகு பெண் குருவி வரும். நாரை அலகால் கவ்வி இழுத்துப் பார்க்கும். தொங்கி ஆட்டிப் பார்க்கும். பிடித்திருந்தால் பட்டையில் உட்கார்ந்துகொள்ளும். அதுதான் சம்மதம். அதன் பிறகே முட்டை வைக்கிற அறையும் நீளமான குழாய் வாசலும் கட்டுவார்கள். பிடிக்காவிட்டால் பறந்துவிடும். காரணம் சொல்லாது. காரணம் கேட்பதும் மரியாதை இல்லை. அந்தப் பாதி வீடு பாதியாகவே தொங்கிக் காய்ந்து போகும்.

இந்த வருஷம் முறுக்கன் ஒரு மெல்லிய கிளையின் நுனியில், தண்ணீருக்கு நேர் மேலே தன் பாதி வீட்டைக் கட்டித் தொங்கவிட்டான். அதைப் பார்க்கத் தெள்ளி வந்தாள். எதிர்க்கரைப் பனைமரத்துக் கூட்டத்துப் பெண் அவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் அதில் ஒரு சொல்லைக் குறைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது.

அவள் நாரை இழுத்தாள். வரவில்லை. பட்டையைப் பிடித்துத் தொங்கினாள். தாங்கியது. உட்காரவும் இல்லை, பறக்கவும் இல்லை. கூட்டைப் பார்த்தபடி பக்கத்துக் கிளையில் நின்றாள்.

முறுக்கனால் பொறுக்க முடியவில்லை. மரியாதையாவது ஒன்றாவது என்று கேட்டேவிட்டான்.

"என்ன யோசனை? சரியா, இல்லையா?"

"காத்து திரும்பட்டும். வாடை அடிக்கையில வந்து பாக்குறேன்."

"மேல்காத்துல நிக்குற வீடு வாடையில நிக்காதா? வேணும்னா பட்டையை இன்னும் கொஞ்சம் அகலமாப் பின்னித் தாரேன்."

"பட்டைக்கு ஒரு குறையும் இல்லை."

"அப்ப கூரையை இன்னொரு சுத்து கூட்டித் தாரேன்."

"நான் ஒண்ணுமே கேக்கலையே. நீங்களா ஏத்திக்கிட்டே போறீங்க."

சொல்லிவிட்டுப் பறந்துபோனாள். பக்கத்துக் கூட்டுக்காரர்கள் அலகை இறக்கைக்குள் புதைத்துக்கொண்டு சிரித்தார்கள். முறுக்கன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றான். ஆனால் கணக்கு அவனுக்குத் தெரியும். போன வருஷம் வீடு போயிற்று. இந்த வருஷம் இவளும் உட்காராவிட்டால் இன்னொரு மழைக்காலத்தையும் தனியாக, அடுத்தவர் குஞ்சுகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கழிக்க வேண்டும்.

புற்றின் ஒரு பக்கத்தில் பெரிய பொந்து ஒன்று இருந்தது. அதில் செதிலப்பன் என்கிற உடும்பு குடியிருந்தார். தடித்த கழுத்து. அசைந்து அசைந்து நடக்கிற நடை. எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி மரியாதை, பாதி பயம். முட்டை என்றால் அவருக்கு உயிர். தரையில் முட்டையிடுகிற காடை கௌதாரியெல்லாம் அவரால்தான் இந்தக் கரையை விட்டே போயின. மரத்திலும் ஏறுவார். ஆனால் கிளை நுனிக்கு அவர் உடம்பு போகாது. அண்ணாந்து பார்த்து நாக்கை நீட்டி இழுத்துக்கொள்வதோடு சரி. கேட்டால், வயசாகிவிட்டது, முட்டையெல்லாம் விட்டாயிற்று, இப்போது பூச்சி புழுதான் என்பார்.

ஒரு நாள் வெயில் ஏறும் நேரத்தில் அவர் கரைமேட்டில் படுத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி பேச ஆரம்பித்தார். தான் பல காடு சுற்றியவர் என்றும், பல வீடுகளைப் பார்த்தவர் என்றும், இந்தக் கண்மாயில் இருக்கிறவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது என்றும் சொன்னார்.

"வீடுன்னா மூணு விஷயம் வேணும். நிக்கணும். குடியிருக்கிறவனுக்கு உதவணும். பாத்தா மனசு நிறையணும். இல்லைன்னு யாராவது சொல்லுங்க பாப்போம்."

யாரும் இல்லை என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? சொன்னது மூன்றும் சரி. கறையான்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டன. கொடுக்கன் என்கிற நண்டு வளையிலிருந்து பாதி உடம்பை நீட்டி, ஆமாம் என்று கொடுக்கை ஆட்டினான். குருவிகளும் தலையை ஆட்டின.

தலை ஆடியதும் அண்ணாச்சி எழுந்தார். ஒவ்வொரு வீட்டையும் தன் வாலால் அளக்கப் போவதாகச் சொன்னார். வாலைக் கொடுக்கனின் வளைக்குள் விட்டு எடுத்தார். நுனி நனைந்திருந்தது. "இது வீடா, கிணறா?" என்று கேட்டார். கொடுக்கன் வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டான். பிறகு அண்ணாந்து குருவிக் கூடுகளைப் பார்த்தார்.

"ஆடிக்கிட்டே இருக்குதே. இதை நிக்குறதுன்னு சொல்லுவீங்களா? வாசல் கீழே பாத்துத் தொங்குது. ஒரு விருந்தாளி வந்தா எப்படிப்பா நுழைவான்? பாத்தா மனசு நிறையணும்னு சொன்னேன். இது ஏதோ வெள்ளத்துல வந்து மாட்டின கந்தல் மாதிரி இருக்கு. அந்தப் புத்தைப் பாருங்க. தரையில கால் ஊனி, அசையாம, கனத்த சுவரோட, அகல வாசலோட நிக்குது. அதுக்குப் பேரு வீடு."

குருவிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. முறுக்கனுக்குச் சுருக்கென்றது. தங்கள் பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து ஆடுகிற வீட்டில்தான் பிறந்து வளர்கிறோம் என்று ஏறிப் பேசினான்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கேட்டார்.

"போன வருஷம் தண்ணியில விழுந்தது உங்க வீடுதானே தம்பி?"

மேல் கிளையில் யாரோ களுக்கென்றார்கள். அண்ணாச்சி தொடர்ந்தார்.

"அதைக் கேள்விப்பட்டுத்தான் அந்தப் பனைமரத்துப் புள்ள உக்காராமப் போயிட்டாளோ என்னவோ."

இவ்வளவு சொன்னது போதும். புத்திசாலியாக இருந்தால் முறுக்கன் பேசாமல் இருந்திருப்பான். ஆனால் ரோஷக்காரனிடம் எங்கே தட்டினால் எது விழும் என்று அண்ணாச்சிக்குத் தெரிந்திருந்தது.

"இந்தக் கண்மாயிலேயே அசையாத வீட்டை நான் கட்டிக் காட்டுறேன் அண்ணாச்சி. நீங்களே வந்து அளங்க."

"அப்படிச் சொல்லு. நல்ல தடிச்ச கிளையாப் பாத்துக் கட்டு. அப்பத்தான் எனக்கும் வந்து பாக்கத் தோதா இருக்கும்."

அந்த 'எனக்கும்' யார் காதிலும் விழவில்லை. முறுக்கன் காதில் அவனுடைய சபதமே இரைந்துகொண்டிருந்தது.

அடிமரத்துக்குப் பக்கத்தில், இரண்டு தடித்த கிளைகள் பிரிகிற இடத்தைப் பிடித்தான். நுனிக்கிளையில் இருந்த பாதி வீட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. புதிய கூட்டைக் கிளையோடு சேர்த்து, காற்றே புகாதபடி இறுக்கிக் கட்டினான். கண்மாயிலிருந்து சேறு சுமந்து வந்து உள்ளும் புறமும் அப்பினான். வாசலை, ஒரு தவளைகூடத் தாராளமாக நுழையும்படி அகலமாக வைத்தான். அலகெல்லாம் சேறு. இறக்கையெல்லாம் சேறு. அண்ணாச்சி கீழே படுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கனம், இன்னும் கொஞ்சம் அகலம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இளவட்டக் குருவிகள் சில, நாமும் நாளைக்கு அப்படியே கட்டலாம் என்று பேசிக்கொண்டன.

சேறு காய்ந்தது. முறுக்கன் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. அவனுக்குத் தலை கால் புரியவில்லை.

வாடை திரும்பியது. சொன்ன சொல் தவறாமல் தெள்ளி வந்தாள்.

முதலில் நுனிக்கிளையில் தொங்கிய பழைய பாதி வீட்டுக்குப் போனாள். முறுக்கன் அவளை இந்தப் பக்கம் கூப்பிட்டு, புது வீட்டைக் காட்டினான். அவள் வழக்கப்படி அலகால் இழுக்கப் பார்த்தாள். பிடிக்க நார் இல்லை. ஆட்டப் பார்த்தாள். ஆடவில்லை. அகல வாசலில் நின்று கீழே பார்த்தாள். நேர் கீழே அண்ணாச்சி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கு வெளியே வந்து உள்ளே போயிற்று.

"காத்துல எப்படி ஆடுதுன்னு பாக்கத்தான் வாரேன்னு சொன்னேன்," என்றாள் தெள்ளி. "இங்க ஆட்ட ஒண்ணுமே இல்லையே."

"ஆடாம நிக்கணும்னுதானே இவ்வளவு பாடு பட்டேன்!"

"பட்டிருக்கீங்க. தெரியுது. யாருக்குன்னுதான் தெரியலை."

பறந்துவிட்டாள்.

முறுக்கனுக்கு வந்த கோபத்தில் அந்த மரத்தையே கொத்திச் சாய்த்திருப்பான். எங்கே குறை? சுவர் மெல்லிசாக இருக்கிறதா? உயரம் போதவில்லையா? புற்றையே போய்ப் பார்த்து அளந்துவிட வேண்டும் என்று கீழே இறங்கினான்.

புற்றின் உச்சியில் மண்ணாத்தாள் என்கிற கறையான், ஓர் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு பெரும் படையே வாயில் ஆளுக்கொரு மண் உருண்டையோடு நின்றது. முறுக்கன் சுவரை முறைத்துப் பார்ப்பதைக் கண்டதும் என்ன வேண்டும் என்று அதட்டினாள். கறையான்களுக்கும் தங்கள் வீட்டைப் பற்றிக் கர்வம் உண்டு.

அவன் விஷயத்தைச் சொன்னான். அசையாத வீடு கட்டினேன், உங்கள் வீட்டைப் பார்த்துத்தான் கட்டினேன், இருந்தும் பெண் உட்காரவில்லை என்றான்.

மண்ணாத்தாள் வாயிலிருந்த மண்ணைக் கீழே வைத்தாள்.

"அசையாத வீடா? எங்க வீடா? காலையில இங்க திறப்போம். உச்சிவெயில்ல அதை அடைச்சு அங்க திறப்போம். உள்ளே சூடு ஏறினா ஒரு சுவரை இடிப்போம், குளிரினா ஒரு சுவரை எழுப்புவோம். ஒரு பொழுது நாங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தா இது வெறும் மண்மேடு. வெளியே இருந்து பாக்குறவனுக்குத்தான் இது சும்மா நிக்குது."

"வாசல்? அகல வாசல் இருக்கே, அந்தப் பக்கம்?"

அதைக் கேட்டதும் பின்னால் நின்ற படையே ஒரு முறை சிலிர்த்தது.

"எங்க வீட்டுக்கு வாசலே கிடையாது தம்பி. வாசல் வச்சா எறும்பு வரும். அந்தப் பக்கம் நீங்க பாக்குறது வாசல் இல்லை. உங்க அண்ணாச்சி நகத்தால கிழிச்ச ஓட்டை. அங்க இருந்த எங்க ஆளுகளையெல்லாம் நக்கித் தின்னுட்டுத்தான் அதுல படுத்திருக்காரு. வீட்டைப் பத்தி அவ்வளவு பேசுறாரே, பிறந்ததிலிருந்து ஒரு வாய் மண்ணு எடுத்து வச்சிருப்பாரான்னு கேளுங்க."

முறுக்கன் புற்றின் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தான். ஓட்டையின் ஓரமெல்லாம் நகக்கீறல்.

சேற்றோரம் வழியாகத் திரும்பினான். கொடுக்கன் தன் வளை வாயில் மண் தள்ளிக்கொண்டிருந்தான். உன் வீட்டில் தண்ணீர் நிற்கிறதே, உனக்கு வருத்தமில்லையா என்று முறுக்கன் கேட்டான்.

"தண்ணி இல்லைன்னா என் செவுள் காஞ்சு நான் செத்துப்போவேன் மாப்ளே. உங்களுக்கு மேலே கூரை. எனக்குத் தண்ணிதான் கூரை. அன்னைக்கு அண்ணாச்சி கேட்டப்போ இதைச் சொல்லியிருக்கணும். வெக்கத்துல வாய் வரலை."

அப்போதுதான் முறுக்கனுக்கு எல்லாம் தெளிந்தது. நிற்க வேண்டும், உதவ வேண்டும், மனசு நிறைய வேண்டும். கேள்வி மூன்றும் சரிதான். ஆனால் நண்டு அதற்குத் தண்ணீரால் பதில் சொல்கிறது. கறையான் மூடிய சுவரால் பதில் சொல்கிறது. அவன் சொல்ல வேண்டிய பதிலை உடும்பு சொல்லியிருக்கிறது. உடும்பு ஏற வசதியான கிளையில், உடும்பு தலை விட வசதியான வாசலோடு, தன் முட்டையை அது தின்னத் தானே தட்டு கழுவி வைத்திருக்கிறான்!

நேராக மரத்துக்குப் போனான். எல்லாரும் பார்க்கப் பார்க்க, சேறு பூசிய வீட்டைக் கொத்திக் கொத்திக் கீழே தள்ளினான். கட்டி கட்டியாக அண்ணாச்சியின் முதுகில் விழுந்தது. கட்டத் தெரியாதவன் அடுத்தவர் வீட்டுக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று கத்தினான். அதைக் கேட்டு நடந்தவனும் முட்டாள்தான் என்று அதே மூச்சில் தன்னையும் திட்டிக்கொண்டான். இளவட்டங்கள் தாங்கள் சுமந்து வந்த சேற்றைச் சத்தமில்லாமல் தண்ணீரில் போட்டன.

நுனிக்கிளையில் பழைய பாதி வீடு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அருகே போய்ப் பார்த்தான். வாடை ஒரு தள்ளு தள்ள, கூடு ஆடவில்லை, பம்பரமாகச் சுற்றியது. நார் முறுக்கேறி முனகியது. தெள்ளி ஏன் காத்திருக்கச் சொன்னாள் என்று இப்போது புரிந்தது. வீடு ஆடலாம். சுற்றக் கூடாது. போன வருஷக் கூடும் இப்படிச் சுற்றித்தான் கழன்றிருக்கிறது. தரையில் நிற்கிறவர் யாரும் அதைச் சொல்லியிருக்க முடியாது. தொங்கி வாழ்கிறவள்தான் சொல்ல முடியும்.

சுற்றாமல் இருக்கக் கூட்டுக்குள் கொஞ்சம் கனம் வேண்டும். சும்மா சேறு மழை ஈரத்தில் கரைந்துவிடும். கறையான் குழைத்த மண் கரையாது. மறுபடியும் புற்றுக்குப் போனான். இந்தத் தடவை சுவரைப் பார்க்க அல்ல, பேரம் பேச.

உருண்டை உருண்டையாகக் குழைத்த மண் வேண்டும் என்றான். பதிலுக்கு என்ன தருவாய் என்று மண்ணாத்தாள் கேட்டாள். தின்னக் காய்ந்த நார் தருகிறேன் என்றான். அதற்கு அவள், மரத்தில் இருக்கிற பழைய கூடெல்லாம் எங்களுக்கு என்றாள். முறுக்கன் மல்லுக்கு நின்றான். தொங்குகிறதில் ஒரு நாரையும் தொடக்கூடாது, தானாகக் கீழே விழுந்தது மட்டும்தான் உங்களுக்கு என்றான். விழாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். மழைக்காலம் முடியட்டும், கைவிட்ட கூடுகளை நானே அறுத்துப் போடுகிறேன் என்றான். இரண்டு பக்கமும் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பிறகு சம்மதித்தார்கள். இருவருக்கும் உள்ளுக்குள் லாபம் தங்கள் பக்கம்தான் என்று நினைப்பு. நல்ல பேரம் அப்படித்தான் இருக்கும்.

அந்த மண்ணைக் கூரையின் உட்புறத்தில், குறுக்குப் பட்டைக்கு இரண்டு பக்கமும் சமமாக ஒட்டினான். நார் முடிச்சைப் பிரித்து, கிளையை இன்னும் நெடுகச் சுற்றிப் பின்னினான். வாடை வந்து தள்ளியது. கூடு போயிற்று, வந்தது. சுற்றவில்லை.

எதிர்க்கரைப் பனையிலிருந்து தெள்ளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வந்தாள். இழுத்தாள். தொங்கினாள். ஒரு தள்ளு தள்ளிவிட்டு, ஆடி அடங்கும்வரை பார்த்தாள். முறுக்கன் பட்டையை அகலமாக்கித் தாரேன் என்று வாய் திறக்கவில்லை. அவனால் முடிந்த பெரிய விஷயம் அதுதான்.

தெள்ளி பட்டையில் உட்கார்ந்தாள்.

பிறகென்ன, முறுக்கன் பறந்த பறப்பு இருக்கிறதே! முட்டை அறை முடிந்தது. கீழே பார்க்கிற குழாய் வாசலும் நீண்டது. மழை இறங்குவதற்கு முன்னால் தெள்ளி முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்துவிட்டாள்.

மழை இறங்கியது. கண்மாய் பெருகி, மரத்தின் வேர்வரை தண்ணீர் வந்துவிட்டது. அண்ணாச்சியின் பொந்துக்குள் சாரல் அடித்தது. அகல வாசல் அல்லவா? பூச்சி புழுவெல்லாம் தண்ணீரில் போய்விட்டது. பசி. ஒரு நாள் காலையில் மழை சற்று விட்டதும் அவர் அடிமரத்தில் நகத்தைப் பதித்து ஏறத் தொடங்கினார். குருவிகள் அலறிக்கொண்டு மேலே பறந்தன. தடித்த கிளை பிரிகிற இடத்தில் வந்து நின்று, முறுக்கனின் கூட்டைப் பார்த்தார். எட்டாத தூரம். கூட்டுக்குள் தெள்ளி அசையாமல் முட்டைமேல் இருந்தாள்.

முறுக்கன் மட்டும் பறக்காமல் கூட்டின் பக்கத்திலேயே நின்றான். கொத்தி விரட்டக்கூடிய உடம்பா அது? அவனிடம் இருந்தது இரண்டே பொருள்தான். தான் கட்டிய வீடு. தன் வாய்.

"வாங்க அண்ணாச்சி. அளக்கத்தானே வந்தீங்க?" என்றான்.

உடும்பு ஒரு நொடி திகைத்தார். பிறகு சுதாரித்துக்கொண்டு, ஆமாம் என்றார்.

"அங்க நின்னு பாத்தா எப்படித் தெரியும்? நிக்குதா இல்லையான்னு கிட்ட வந்து பாத்தாத்தானே சொல்ல முடியும்."

அவர் மெல்லக் கிளைமேல் நகர்ந்தார். கிளை லேசாகத் தாழ்ந்தது. நின்றுவிட்டார்.

முறுக்கன் விடவில்லை. உங்களுக்குப் பயமாக இருந்தால் அங்கேயே நின்றுகொள்ளுங்கள், பல காடு சுற்றியவர் ஒரு குருவி வீட்டைப் பார்க்கப் பயந்தார் என்று யாரும் சொல்லமாட்டோம் என்றான். மேலே பறந்த குருவிகளில் ஒன்று சிரித்தது. ரோஷத்தைத் தட்டத் தெரிந்தவருக்குத் தன் ரோஷத்தைக் காக்கத் தெரியவில்லை. இன்னும் நகர்ந்தார்.

வாசல் உதவுமா என்று பாருங்கள் என்றான் முறுக்கன். இன்னும் நகர்ந்தார். கிளை வளைந்தது. நகம் வழுக்கியது. முட்டையின் வாசம் மூக்கில் ஏறியபோது அவருக்குக் கிளையும் தெரியவில்லை, தண்ணீரும் தெரியவில்லை. நாக்கு நீண்டது. கழுத்து நீண்டது. குழாய் வாசலின் ஓரத்தை மூக்கு தொட்டது.

அவர் கனத்தில் கிளை ஒரேயடியாக வளைந்தது. கூடு அவர் மூக்கிலிருந்து விலகி அந்தப் பக்கம் போயிற்று. அது போன பக்கம் அவரும் எட்டினார். ஆடுகிற வீடு திரும்பி வந்து அவர் மூக்கில் ஓர் இடி இடித்தது. கறையான் குழைத்த மண் அல்லவா உள்ளே? நகம் விட்டது. பல காடு சுற்றிய அண்ணாச்சி தலைகீழாகத் தண்ணீரில் விழுந்தார்.

பாரம் போன கிளை விசிறியடித்து மேலே எழும்பியது. கூடு பலமாக ஆடியது. முறுக்கன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். போயிற்று, வந்தது. போயிற்று, வந்தது. சுற்றவில்லை. ஒரு நாரும் விடவில்லை. அடங்கி நின்றதும் உள்ளிருந்து தெள்ளியின் தலை குழாய் வழியாக எட்டிப் பார்த்தது.

கீழே கரையேறப் போனவருடைய வாலை ஏதோ கவ்வியது.

"வீடு வரை வந்துட்டு உள்ளே வராமப் போறீங்களே அண்ணாச்சி," என்றான் கொடுக்கன். "கிணறுதான், ஆனாலும் விருந்தாளி நனையலாம்."

அளந்த வாலின் நுனி அவனிடமே தங்கிவிட்டது. மீதியோடு உடும்பு எதிர்க்கரையைப் பார்த்து ஓடியது. அதன் பிறகு அதை யாரும் அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை. அது திரும்பி வந்து பார்த்திருந்தாலும் பொந்து இருந்திருக்காது. அன்று பொழுது சாய்வதற்குள் மண்ணாத்தாளின் படை அந்த ஓட்டையை அடைத்து, மேலே பூசி, அங்கே ஓர் ஓட்டை இருந்த சுவடே தெரியாமல் ஆக்கிவிட்டது.

முறுக்கன் தன் வீட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். மழைத்துளி சொட்ட, வெயில் பட்டு, பச்சை நாரெல்லாம் பொன்னாகி, அந்த வீடு வாடையில் அசைந்துகொண்டிருந்தது. பழைய கூடுகளை அவிழ்த்து அவிழ்த்துப் படித்தவன் கட்டிய வீடு. அவனுக்கு மனசு நிறைந்துவிட்டது. நிறைந்தது போதாதென்று வாயும் திறந்தது.

"இப்பவாவது சொல்லு. வீடு எப்படி?"

தெள்ளி வாசல் ஓரத்தை அலகால் இழுத்துப் பார்த்தாள். உடும்பு மூக்கு தொட்ட இடம் அது.

"குழாயை இன்னும் ஓர் அலகு நீளம் இறக்குங்க."

"ஓர் அலகா? அரை அலகு."

"சரி, அரை."

முறுக்கன் இறக்கையை உதறிக்கொண்டு நார் கிழிக்கப் பறந்தான். பாதி வழியில்தான், அவள் உடனே ஒத்துக்கொண்டதை நினைத்து அவனுக்குச் சந்தேகம் வந்தது. திரும்பிப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியதே அரை அலகுதான்.

வீடு நிற்கிறதா, உதவுகிறதா, மனசை நிறைக்கிறதா என்கிற கேள்விகள் எல்லாருக்கும் ஒன்றுதான். பதிலை மட்டும் அவரவர் உடம்பும் மண்ணும் காற்றும் சொல்ல வேண்டும், அடுத்தவன் பசி சொல்லக் கூடாது.